படுகையில் ஒரு குழி

பாப்பா,

நம் ஆற்றோரப் படுகை நிலத்தில் நீ வெட்டிய குழியை மூடிவிட்டேன் என்று ஃபோனில் சொன்னேனே, அது பொய். நீ மூடச் சொன்னது வைகாசியில். இப்போது ஆடி. குழி அப்படியேதான் இருக்கிறது. மேலே தார்ப்பாய், அது பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் செங்கல். நாளைக் காலையில் செல்வத்தையும் கூட இரண்டு ஆட்களையும் வரச் சொல்லியிருக்கிறேன். கல்லணையில் தண்ணீர் திறந்தாகிவிட்டது, நம் குடமுருட்டி ஆற்றில் மணல் நனைந்துவிட்டது, இனிமேல் தள்ளிப்போட முடியாது. மூடுவதற்கு முன்னால் உன்னிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் நீ "ம்மா, ஒரு நிமிஷம், மீட்டிங்" என்பாய். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது. உனக்கு நேரம் இருக்கும்போது படி, ஆனால் முழுதாகப் படி.

அந்தக் குழி என்ற வார்த்தையில்தான் எல்லாக் கோளாறும் ஆரம்பித்தது. அதனால் அங்கிருந்தே சொல்கிறேன். பொங்கல் முடிந்த வாரம் நீ கூப்பிட்டாய். வழக்கம்போல உன் முகத்தைக் காட்டாமல் அந்த வீட்டுச் சீலிங்கைக் காட்டிக்கொண்டே பேசினாய். "ம்மா, நம்ம படுகையில எனக்கு ஒரு குழி வேணும்மா" என்றாய். "ஒரு குழி என்னடி, ஒரு மாவாவே எடுத்துக்க" என்றேன். நீ சிரித்தாய். "ஒரு குழி போதும்மா. மாசியில அறுப்பு முடிஞ்சதும் வரேன்" என்றாய்.

இந்த ஊரில் பிறந்தவள்தான் நீ. இருந்தாலும் உனக்கு மறந்து போயிருக்கும். நமக்குக் குழி என்றால் நிலத்தின் அளவு. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு குழி என்பது பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, ஒரு அறை கட்டலாம். எனக்கு வேறு அர்த்தமே தோன்றவில்லை. பெண் பிள்ளை பங்கு கேட்கிறாள், அதையும் கூச்சப்பட்டு ஒரே ஒரு குழியாகக் கேட்கிறாள், ஊரோடு வந்து இருக்கப் போகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். உன் அப்பா போனபிறகு இந்த வீட்டில் நான் சத்தமாகப் பேசியதே கிடையாது. அன்றைக்கு வாசலுக்குப் போய்ப் பக்கத்து வயல் மாணிக்கம் சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சைக்கிளைவிட்டு இறங்காமலே, "கேட்டது ஒரு குழிதானா? பொண்ணு ரொம்ப வெக்கப்படுது அண்ணி. நீங்களா பாத்துக் கூடக் கொடுங்க" என்றார். நானும் பாத்ரூமுக்கு இடம் பத்தாது என்று இரண்டு குழி கூட்டினேன். ரோட்டோரம் மேடாக இருக்கும் மூலையில் செடிகொடியெல்லாம் வெட்டி, முளை அடித்து, கயிறு கட்டினேன். கொத்தனாரிடம் வெஸ்டர்ன் டாய்லெட் வரைக்கும் பேசிவிட்டேன்.

மாசியில் நீ வந்தாய். வேனில் உன் மாணவர்கள் இரண்டு பேர், மண்வெட்டி, இரும்புக் குழாய்கள், மூடி போட்ட டப்பாக்கள். கயிற்றைப் பார்த்து "என்னம்மா இது?" என்று கேட்டாய். "கத்திரி போடலாம்னு" என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு, நிலத்தின் தாழ்ந்த பக்கமாக நடந்து போய், ஆற்றங்கரையை ஒட்டி ஒரு இடத்தில் காலால் தட்டினாய். "இங்க வெட்டலாம்" என்றாய். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நீ கேட்டது உன் மண் ஆராய்ச்சிக்கு வெறும் பள்ளம். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆட்களுக்கு டீ போடப் போகிறேன் என்று வீட்டுக்குள் போய்விட்டேன். மாணிக்கம் சித்தப்பா சாயங்காலம் வந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "இந்தக் குழியத்தான் கேட்டுச்சா?" என்றார், மெதுவாக. இதுவரை அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. வாய்க்கால் தண்ணீருக்காக அவரோடு நான் போடாத சண்டை இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்துக்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்துதான் கேட்கவில்லை. நீயாவது யாரிடமும் அப்படி இருக்காதே. பிடித்த பதிலாகவே இருக்கட்டும் என்று கேள்வியை விழுங்கிக்கொண்டால், பிறகு கயிறும் முளையுமாகத்தான் நிற்க வேண்டியிருக்கும்.

ஆனால் அந்தப் பத்துப் பதினைந்து நாள் நன்றாக இருந்தது, பாப்பா. அதை மறைக்கப் போவதில்லை. குழி ஆள் உயரத்தைத் தாண்டியதும் ஒரு பக்கம் படி வெட்டினீர்கள். நீ உள்ளே இறங்கிக் கொத்துக்கரண்டியால் சுவரைச் சீவினாய், வெண்ணெய் வழிப்பது போல அத்தனை பதமாக. தண்ணீர் தெளித்து நிறம் பார்த்தாய். சின்னச் சின்ன வண்ணக் கட்டம் ஒட்டிய ஒரு புத்தகத்தை மண்ணின் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்தாய். கும்பகோணத்தில் ஜாக்கெட் துணிக்கு மேட்சிங் பார்க்கும்போது பத்து நிமிஷம்கூடப் பொறுக்காமல் "ஏதாவது எடும்மா" என்று என்னை இழுத்துக்கொண்டு போனவள், பழுப்புக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் பார்த்து அரை நாள் நின்றாய். நான் மேலே நின்று வேடிக்கை பார்த்தேன். "எறங்கி வாம்மா, மேலேருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது" என்றாய். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

மேலே நம் வண்டல். அதற்குக் கீழே மணல். மணலுக்கும் கீழே கறுப்பாக ஒரு பட்டை, அதற்குள் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள். கறுப்புப் பட்டையில் விரல் வைத்துச் சொன்னாய்: "இது ஒரு காலத்துல மேல்தரைம்மா. இப்ப நாம நடக்கிறோம்ல, அந்த மாதிரி."

"இது மேல யாரு நடந்தா?"

"ஆளு இருந்தாங்களான்னு தெரியல. புல்லு இருந்துச்சு, முள்ளு இருந்துச்சு. மழை ரொம்பக் கம்மி. மழை கம்மியா இருந்தாத்தான் சுண்ணாம்பு கரைஞ்சு போகாம இப்படிக் கட்டிக்கும். இந்தக் கட்டியப் பொடி பண்ணி மெஷின்ல போட்டா, அன்னைக்கு என்ன மாதிரி செடி வளந்துச்சு, மழை எப்படின்னு ஓரளவு சொல்லிடலாம்."

"ஆத்தோரமா இருந்துட்டு மழை கம்மின்னா எப்படி? ஆறு இல்ல?"

"அப்ப ஆறு இந்தப் பக்கமே இல்லம்மா. எங்கயோ தள்ளிப் போயிடுச்சு. அப்பறம் ஏதோ ஒரு வெள்ளத்துல திரும்பி வந்திருக்கு. அதான் மேல இந்த மணலு."

"எவ்வளவு நாள் கழிச்சு வந்துச்சு?"

"நாளா?" என்று சிரித்தாய். "ஆயிரக்கணக்குல வருஷம்மா." பிறகு, என்ன தோன்றியதோ, சுவரைத் தடவிக்கொண்டே சொன்னாய்: "ஆறு வருஷா வருஷம் வந்து வண்டல் போட்டுக்கிட்டே இருந்தா மண்ணு முதிராதும்மா. யாரும் வராம, எதுவும் மேல விழாம, சும்மா கெடக்குற காலத்துலதான் இப்படி மண்ணு மண்ணா ஆகும்."

நீ மண்ணைத்தான் சொன்னாய். எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு ராத்திரி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே நான் தனியாக இருக்கிறேன் என்று யாராவது பேச்செடுத்தால், "அம்மா ஸ்ட்ராங், அவங்களுக்குப் பழகிடுச்சு" என்று நீ சொல்வது என் காதுக்கும் வந்திருக்கிறது. யாரும் வராததால் நானும் அந்தக் கறுப்பு மண் மாதிரி முதிர்ந்து பக்குவமாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. எனக்குப் பழகவில்லை. காலையில் ஒரு டம்ளர் காபிக்குப் பால் காய்ச்சும்போது பழகவில்லை. சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்கும்போது பழகவில்லை. டீவியில் யாராவது சிரித்தால், நீயும் பார்த்தாயா என்று திரும்புகிறேன். இதையெல்லாம் ஃபோனில் எப்படிச் சொல்வது?

போகிற அன்றைக்குப் பருப்புப் பொடி இடித்துக் கட்டி வைத்தேன். பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "வெயிட் தாண்டுதும்மா, அடுத்த தடவை" என்று எடுத்து வைத்துவிட்டாய். உன் பெட்டியில் நம் வயல் மண்ணுக்கு இடம் இருந்தது, பருப்புப் பொடிக்கு இல்லை. அந்த மண்ணைக்கூட எத்தனை பத்திரமாக எடுத்துப்போனாய். மணல் எந்தக் காலத்தது என்று பார்க்க, கறுப்புத் துணிக்கு அடியில் குழாயை அடித்து, இரண்டு பக்கமும் அடைத்து, "வெயில் பட்டுச்சுன்னா இந்த மணல் தன்னோட வயசையே மறந்துடும்மா" என்று என்னைக் கிட்டே வரவிடாமல் துரத்தினாய். வேன் ஏறும்போது, "குழிய மூடிடாதம்மா. ஆனியில வந்து இன்னொரு தடவ எடுக்கணும்" என்றாய். அதைக் கேட்டதும் பொடி விஷயத்தை மறந்துவிட்டேன். ஆனியில் வருகிறாள், அது போதும் என்று இருந்தது.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீ திருச்சியில் ஹாஸ்டலில் இருந்து படித்த காலத்தில் அவர் அடிக்கடி வந்து உன்னைப் பார்ப்பார் அல்லவா? "மோட்டாருக்கு பெல்ட் வாங்க வந்தேன், அப்படியே உன்னையும் பாத்துட்டுப் போலாம்னு" என்பார். கும்பகோணத்தில் கிடைக்காத பெல்ட்டா? உன்னைப் பார்க்க வேண்டும் என்று இங்கே இருப்புக் கொள்ளாது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்பினால் என்னமோ குறைந்துவிடும் அவருக்கு. அதனால் ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே ஒரு பெல்ட் வாங்கி வருவார், பொய் சொன்னதாக இருக்கக்கூடாதாம். இப்போதும் மோட்டார் கொட்டகைக்குப் போனால் ஆணியில் மாலை மாலையாகத் தொங்குகிறது. அவருடைய அக்காவைப் பார்க்கப் போனால் விதைநெல் கேட்கப் போவார். நான் பிறந்த வீட்டுக்குப் போனால் ஏதாவது பாத்திரத்துக்கு ஈயம் பூசப் போவேன். நம் வீட்டில் யாரும் யாரையும் சும்மா போய்ப் பார்த்து வழக்கமில்லை. நீ எங்களுக்குத்தான் பிறந்தாய். அதனால் மண்ணெடுக்க வந்தாய். குழியை நான் மூடாமல் வைத்திருந்ததும் இந்த ரகம்தான். அது திறந்திருக்கும்வரை உனக்கு இங்கே வேலை பாக்கி இருக்கிறது, வேலை பாக்கி இருந்தால் நீ வந்துதான் ஆக வேண்டும்.

காவல் காத்தேன் என்றே சொல்லலாம். கோடை மழையில் குழி நிரம்பியபோது இன்ஜினை வைத்து இறைத்தேன். சுவர் சரியாமல் இருக்கப் பலகை கொடுத்தேன். சித்தப்பா வீட்டு ஆடு ஒன்று உள்ளே விழுந்துவிட்டது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, நீ சீவி வைத்த பக்கத்தைத்தான் கொம்பால் கீறிவிட்டது. ஆட்டைத் தூக்க வந்தவரிடம் நான் சுவரைக் காட்டிச் சண்டை போட்டேன். "மண்ணுதானே அண்ணி" என்றார் பாவம். "உங்களுக்கு மண்ணுதான்" என்றேன். வெயில் ஏறியதும் நான் படியில் இறங்கி உள்ளே உட்கார்ந்துகொள்வேன். குளுகுளு என்று இருக்கும். ஒரு நாள் சித்தப்பா மேலே நின்று பார்த்துவிட்டுப் பதறிப் போனார். "குழிக்குள்ள எறங்கி உக்காந்து என்ன பண்றீங்க? பாக்குறவன் என்ன நெனைப்பான்? வாங்க மேல" என்றார். "எம்பொண்ணு வெட்டுன குழி, நான் உக்காருவேன்" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் போனபிறகு, எனக்கே என்னை நினைத்து வெட்கமாக இருந்தது. கறுப்புப் பட்டைக்கு நேரே என் முகம் இருந்தது. ஆறு போன பிறகு எவ்வளவு காலம் இப்படியே கிடந்தாய் என்று அதனிடம் கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை, அந்த அளவுக்கு இன்னும் ஆகவில்லை.

பிறகு வைகாசியில் உன் ஃபோன். எடுத்துப்போன மண்ணே போதுமாம். ஆராய்ச்சி இனிமேல் வேறு நாட்டில் வேறு ஒரு ஆற்றங்கரையில். வேலையும் அங்கேயே பர்மனென்ட். "குழிய மூடிடும்மா, யாராச்சும் விழுந்துடப் போறாங்க" என்று கடைசியில் சொன்னாய். நான் "ரொம்ப சந்தோஷம்டி. இரு, அடுப்புல பால் பொங்குது" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. சந்தோஷம் என்று சொன்னது மட்டும் பொய் இல்லை. மண்ணைப் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பாவும்தான். படிக்கட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த தடவை நீ கேட்டபோது "மூடியாச்சு" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது ஆறு வந்ததும் குழிக்கு அடியில் ஊற்று சுரக்க ஆரம்பித்துவிட்டது. காலையில் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். கறுப்புப் பட்டை பாதி தண்ணீருக்குள். சித்தப்பாவின் நாற்று தயாராக இருக்கிறது, என் வயலுக்குத் தண்ணீர் வைத்தால் அது குழிவழியாக அரித்து அவர் வரப்பை உடைக்கும். எப்போது மூடுவீர்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் என்னவோ போல் இருக்கிறது. குழியை மூடிவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.

மேலே எழுதியது முந்தாநாள். மண் தள்ளிய கை வலியில் நேற்று பேனா பிடிக்க முடியவில்லை.

ஜேசிபி கொண்டுவரட்டுமா, பத்து நிமிஷத்தில் தள்ளிவிடலாம் என்று சித்தப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். நீ வெட்டும்போது மேல்மண்ணை ஒரு பக்கமும் மணலைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் குவித்திருந்தாய். அதே வரிசையில் உள்ளே போக வேண்டும் என்று நான் சொன்னேன். அடிமண் முதலில், அப்புறம் மணல், கடைசியில் வண்டல். செல்வம் தலையைச் சொறிந்தான். "உள்ள போற மண்ணுக்கு எது முன்ன, எது பின்னங்க?" என்றான். "சொல்றபடி போடுறா" என்றேன். சித்தப்பாவும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்க்காமலே, "எப்படிப் போட்டாலும் பழையபடி ஆகிடுமா அண்ணி?" என்று கேட்டார். "ஆகாது" என்றேன். ஒரு தடவை கலைந்த மண்ணில் ஒன்றும் படிக்க முடியாது என்று நீதானே உன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆகாது என்று தெரிந்தே அந்த வரிசையில் போட்டேன். ஞாபகத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கட்டியைக்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. எல்லாம் உள்ளே போய்விட்டது.

நேற்று மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. இன்று தண்ணீர் பாய்ச்சிப் பரம்பு அடித்து வயலைச் சமன் செய்தார்கள். சாயங்காலம் வரப்பில் நின்று பார்த்தேன். குழி எங்கே இருந்தது என்று எனக்கே குறிப்பாகச் சொல்லத் தெரியவில்லை. வயல் முழுக்க ஒரே தண்ணீர். நான் அங்கேயே அழுதேன். கொக்குகள் இருந்தன, வேறு யாரும் இல்லை. அழுது முடித்ததும் தெளிவாக ஒன்று தோன்றியது. அதை எழுதத்தான் இன்றைக்கே பேனாவை எடுத்தேன்.

இனிமேல் இந்த ஊரில் நீ அளக்க வேண்டியதோ அள்ள வேண்டியதோ டப்பாவில் போட்டு அடைக்க வேண்டியதோ ஒன்றும் இல்லை. நிலத்தில் உனக்குப் பாக்கி எதுவும் இல்லை. வரச்சொல்வதற்குக் காரணமாக உடம்பு சரியில்லை என்று எழுதலாம், பத்திர ஆபீஸில் ஒரு கையெழுத்து வேண்டும் என்று எழுதலாம். எழுதினால் வந்துவிடுவாய், எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். நம் வீட்டில் உன் அப்பா கடைசிவரைக்கும் சொல்லாமல் போன ஒரு வார்த்தை இருக்கிறது, நானும் இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், பாப்பா. உனக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. ஒரு தடவை வா.

அம்மா